வந்த மஜ்ஜை, இருந்த உடல்

ரத்தப் புற்றுநோய்க்காக வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றுக்கொள்பவரின் உடலில், தத்துவ நூல்கள் கற்பனையில் மட்டுமே சோதித்துப் பார்த்த ஒரு நிலை உண்மையாகவே உருவாகிறது. கடுமையான கீமோதெரபியும் சில வேளைகளில் கதிர்வீச்சும் தந்து அவருடைய சொந்த மஜ்ஜையை ஒடுக்குகிறார்கள். பிறகு கொடையாளரின் ஸ்டெம் செல்களை ஒரு பையிலிருந்து நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அந்த அணுக்கள் ரத்தத்தில் சுற்றி, தாமாகவே எலும்புக்குள் வழி கண்டு குடியேறுகின்றன. சிகிச்சை நன்றாகப் பலித்தால், சில மாதங்களுக்குள் ஏற்றவரின் நாளங்களில் ஓடுவது கொடையாளரின் மஜ்ஜையில் பிறந்த ரத்தம். இருவரின் ரத்த வகையும் வேறாக இருந்தால் ஏற்றவரின் வகை மாறிவிடும். அவருடைய ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் கொடையாளரின் அடையாளம் வரும். தலைமுடியின் வேரில் செய்தால் பிறந்தபோது இருந்த அடையாளம் வரும்.

உடலைக் காக்கும் நோயெதிர்ப்பு அணுக்களும் மஜ்ஜையில் பிறப்பவைதாம். ஆகவே ரத்தத்தோடு காவலும் கைமாறுகிறது. புதிதாக வந்த டி அணுக்கள், தாங்கள் பிறந்த உடலின் புரத அடையாளங்களையே இயல்பானவையாகக் கொண்டு வளர்ந்தவை. ஏற்றவரின் தோல், கண், வாய், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் அந்த அடையாளங்களிலிருந்து சிறிதளவு வேறுபாடு இருந்தாலும் அவற்றை அந்நியமாகக் கண்டு தாக்கத் தொடங்கலாம். கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் நோய், சுருக்கமாக ஜிவிஹெச்டி, என்பது இதுதான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்துத் திசுக்களைத் தழும்பாக்கும் வடிவம் நாள்பட்ட ஜிவிஹெச்டி.

அன்றாடத்தில் இந்த நோய் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதை வைத்துத் தத்துவம் பேசுவது சரியாகாது. காலையில் விழிக்கும்போது இமை விழிமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்ட பிறகே பிரியும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைக் கோடுகள் வலைபோலப் படரும். மிளகு சேர்த்த எதையும் நாக்கு தாங்காது, பற்பசை கூட எரியும். முன்கைத் தோல் அடியிலுள்ள தசையோடு இறுகி, விரலால் கிள்ளியெடுக்க முடியாதபடி ஆகிவிடும். முழங்கையும் மணிக்கட்டும் முழுதாக மடங்காமல், சட்டைப் பொத்தான் போடுவதே வேலையாகிவிடும். நுரையீரலின் நுண்குழாய்கள் சுருங்கினால் மாடிப்படி ஏற முடியாது. உயிர் பிழைத்தவர்கள் அனுபவிக்கும் துன்பம் இது. புற்றுநோய் போய்விட்டது என்று உறவினர்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது.

கொடையாளர் பல நேரங்களில் கூடப் பிறந்தவராகவே இருப்பார். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பொருந்தினாலும் சிறு வேறுபாடுகள் எஞ்சும். அக்கா தம்பிக்கு மஜ்ஜை தரும்போது, தம்பியின் அணுக்களில் ஒய் குரோமோசோம் ஆக்கும் புரதங்கள் அக்காவின் அணுக்களுக்குப் பழக்கமில்லாதவை. பிள்ளை பெற்ற பெண்ணின் நோயெதிர்ப்பு அணுக்கள், மகனைச் சுமந்த காலத்தில் அந்தப் புரதங்களை ஏற்கெனவே எதிர்கொண்டிருக்கக்கூடும். அதனால் பெண் கொடையாளரிடமிருந்து ஆணுக்குச் செல்லும் மஜ்ஜையில் நாள்பட்ட ஜிவிஹெச்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. ரத்த உறவு என்று சொல்லப்படுவதற்குள்ளேயே அந்நியம் இருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு அரிது.

நோயெதிர்ப்பியலில் 'தான்', 'தானல்லாதது' என்ற பிரிவை நிலைநிறுத்தியவர் ஆஸ்திரேலிய அறிஞர் மெக்ஃபார்லேன் பர்னெட். அவரும் ஃபிராங்க் ஃபென்னரும் 1949இல் வெளியிட்ட எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உற்பத்தி பற்றிய நூலுக்குப் பிறகு, உடல் தன்னை அறியும், பிறவற்றை விலக்கும் என்பதே அந்தத் துறையின் அடிப்படை வாய்பாடாயிற்று. தத்துவத்திலிருந்து இரவலாக வந்த 'தான்' என்ற அந்தச் சொல், பின்னர் மருத்துவத்தின் மதிப்போடு தத்துவத்துக்கே திரும்பியது. நான் யார் என்ற கேள்விக்கு நோயெதிர்ப்பு மண்டலம் விடை வைத்திருப்பதாகப் பலரும் எழுதினார்கள். நாள்பட்ட ஜிவிஹெச்டி அந்த நம்பிக்கையைக் கலைத்துப்போடுகிறது. 'தான்' என்று எதைக் கொள்வது என முடிவு செய்யும் அணுக்கள் கொடையாளருடையவை. அவற்றின் கணக்கில் 'தானல்லாதது' நோயாளியின் உடல். நோயெதிர்ப்பு அணுக்களின் தீர்ப்பே இறுதி என்றால், அந்த உடலில் அந்நியர் நோயாளிதான். அப்படி ஒரு முடிவை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார், நோயாளியும் ஏற்கமாட்டார். ஆகவே 'நான்' என்பதை நிர்ணயிக்கும் இடம் நோயெதிர்ப்பு மண்டலம் அல்ல.

மரபான தத்துவச் சோதனைகள் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். புளூட்டார்க் எழுதி வைத்த தீசியஸின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. எல்லாம் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா என்பது கேள்வி. புதிய பலகை பழைய பலகையை எதிர்ப்பதாக அந்தக் கதையில் இல்லை. ஜான் லாக் நினைவின் தொடர்ச்சியில் ஆளின் ஒருமையைக் கண்டார். மஜ்ஜை மாறியவருக்கு நினைவு அறுபடுவதில்லை என்பதால், லாக்கின் வழியில் போனால் சிக்கலே எழாமல் போய்விடும். ஆனால் சிக்கல் இருக்கிறது. அந்த மனிதர் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு மிக நெருங்கி வருவது ஒரு பௌத்தக் கதை. நாகார்ஜுனர் பெயரில் வழங்கும் பிரஜ்ஞாபாரமிதை உரையில் அது வருகிறது. நாகார்ஜுனர்தாம் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மொழிபெயர்ப்பாளர் குமாரஜீவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் ஆக்கிய வடிவமே இன்று கிடைக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் பாழடைந்த வீட்டில் இரவு தங்குகிறான். ஒரு பேய் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பின்னால் வந்த இன்னொரு பேய் பிணம் தன்னுடையது என்கிறது. இரண்டும் அவனைச் சாட்சி கேட்கின்றன. அவன் உண்மையைச் சொல்கிறான். வழக்கில் தோற்ற பேய் சினந்து அவன் கையைப் பிய்த்துப் போடுகிறது; மற்றது பிணத்தின் கையை எடுத்து அவனுக்குப் பொருத்துகிறது. கைகள், கால்கள், தலை, விலா என்று முழு உடலும் இப்படி மாறிவிடுகிறது. பிய்த்துப் போட்டதை இரண்டு பேய்களும் பகிர்ந்து தின்றுவிட்டுப் போய்விடுகின்றன. விடிந்ததும் அவன் துறவிகளைத் தேடிப் போய், பெற்றோர் தந்த உடல் பேய்களின் வயிற்றில் இருக்கிறது, இப்போது இருப்பது முழுக்க வேறொருவன் தசை, எனக்கு உடல் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறான். அவன் உடல் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள் துறவிகள். தன்னுடையது என்று பற்றிக்கொள்ள ஏதுமில்லை என்பதை உணர்ந்து அவன் விடுதலை அடைகிறான்.

கதையின் வலிமை அதன் முடிவில் மட்டும் இல்லை. உடல் முழுதும் மாறிய பிறகும் கேள்வி கேட்க ஒருவன் இருந்தான். பதற்றம் அவனுடையதாகவே இருந்தது. பௌத்தம் அந்தப் பதற்றத்தை உடைமையாளன் ஒருவன் இருப்பதற்குச் சான்றாக ஏற்பதில்லை. உடலும் உள நிகழ்வுகளுமான ஐந்து கந்தங்களின் சேர்க்கையையே மக்கள் 'நான்' என்று வழங்குகிறார்கள் என்பது அதன் நிலை. தமிழில் மணிமேகலை வழியே அறிமுகமான நிலையும் அதுவே.

தமிழ்ச் சைவம் நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. பெரியபுராணம் சொல்லும் திருமூலர் வரலாற்றில், சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றி அவன் மேய்த்த பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகி, தம் உடலை விட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் அவரை மூலனாகவே கொண்டு அமைதியடைகின்றன. மூலனின் மனைவி வந்து அழைக்கும்போது அவர் உறவை மறுக்கிறார். உடல் அவனுடையது, உயிர் இவருடையது. சைவ சித்தாந்தத்தில் இதற்கு உறுதியான அடித்தளம் உண்டு: தனு (உடல்), கரணம் (அகக் கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கும் உயிருக்கு இறைவன் தருபவை. உடல் எந்த நிலையிலும் உயிரின் சொந்தச் சரக்கல்ல, தரப்பட்ட கருவி. தம்பியின் எலும்புக்குள் வந்த அக்காவின் மஜ்ஜையும் தரப்பட்ட கருவிதான். இந்தப் பார்வையில் யாருடையது என்ற கேள்வியின் கூர்மை மழுங்கிவிடும். நோயாளிகளுக்கு இது உண்மையான ஆறுதலாக இருக்கலாம். ஆயினும் மூலன் உடல் வந்த யோகியை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஜிவிஹெச்டியில் வந்ததும் இருந்ததும் ஒத்துப்போக மறுக்கின்றன. அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள உயிர்–உடல் பிரிவு மட்டும் போதாது. உடலுக்குள்ளேயே ஒரு பகுதி இன்னொரு பகுதியை ஏற்பது எப்படி நிகழ்கிறது என்று கேட்க வேண்டும்.

அதற்கான விடை மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 1945இல் அமெரிக்க அறிஞர் ரே ஓவன், இரட்டையராகப் பிறந்த கன்றுகளில் பல, ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று வாழ்நாள் முழுதும் சுமப்பதைக் கண்டார். கருவில் ரத்த நாளங்கள் கலந்திருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று அந்நியமாகக் கருதவில்லை. 1953இல் பிரிட்டனில் பீட்டர் மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகியோர் எலிக் கருவுக்குள் வேறு எலியின் அணுக்களைச் செலுத்தி, பிறந்து வளர்ந்த பின் அந்த வேறு எலியின் தோல் ஒட்டை அது ஏற்பதைக் காட்டினார்கள். பர்னெட்டும் மெடவாரும் 1960இல் நோபல் பரிசு பெற்றது இந்தச் 'சகிப்பு' பற்றிய பணிக்காக. தன்னை ஏற்பது பிறப்பிலேயே எழுதி வைத்த அறிவு அல்ல, பழகிப் பெறுவது. பழகினால் பிறரையும் ஏற்கலாம் என்பது அதன் பொருள். பர்னெட் பெயரால் நிலைத்த 'தான்' என்ற எல்லைக்கோடு, அவருக்குப் பரிசு பெற்றுத் தந்த ஆய்விலேயே நெகிழ்ந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. நாள்பட்ட ஜிவிஹெச்டியில் பழக்கும் இடமே பழுதாகிறது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி, டி அணுக்களுக்கு எதைத் தாக்கக் கூடாது என்று கற்பிக்கும் இடம். சிகிச்சையாலும் முந்தைய தாக்குதலாலும் அது நலிந்தால் தவறாகக் கற்ற அணுக்கள் வெளியேறுகின்றன.

இந்த நோயின் அறக் கேள்வி கொடையைப் பற்றியது. மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய ஆய்வைத் தொடர்ந்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்த ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேஸி இருவரும், திருப்பித் தர முடியாத கொடை வாங்கியவரை அழுத்தும் சுமையாக மாறுவதை விவரித்தார்கள். ஜிவிஹெச்டியில் சுமை இருபுறமும் விழுகிறது. கொடுத்தவர், தான் கொடுத்ததே தம்பியை வாட்டுகிறது என்று மனம் நொந்து, மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வருவார். வாங்கியவரோ, உயிர் தந்தவரிடம் வலியைச் சொல்வது நன்றிகெட்ட செயலாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்வார். இந்தக் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். எண்ணமே வினை என்பது புத்தர் போதனை. அணுவுக்கு எண்ணமில்லை, கொடுத்தவரின் எண்ணமோ காப்பாற்றுவதாக மட்டுமே இருந்தது. மருத்துவமனைகளில் இதை யாராவது அக்காவையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்வது, எழுதித் தரும் மருந்துகளுக்குக் குறைந்த உதவியல்ல.

தாக்கும் அணுக்களே காப்பாற்றவும் செய்கின்றன என்பது இன்னொரு முடிச்சு. ஜிவிஹெச்டி வந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்புவது குறைவாக இருப்பதை அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் 1979இலும் 1981இலும் வெளியிட்டார்கள். எஞ்சியிருக்கும் புற்று அணுக்களையும் கொடையாளரின் அணுக்கள் அந்நியமாகக் கண்டு அழிக்கின்றன. ஆகவே தாக்குதலை முற்றாக அடக்கினால் பாதுகாப்பும் போகலாம். துன்பத்துக்குப் பயன் உண்டு என்று ஆறுதல் சொல்ல இது வழிவிடுவதுபோலத் தோன்றும். அந்த ஆறுதலை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுக்காக மஜ்ஜை மாற்றிக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அழிக்க வேண்டிய புற்று இல்லை. அவர்களுக்கு ஜிவிஹெச்டி வந்தால் அதில் எந்தப் பயனும் இல்லை, வெறும் துன்பம்தான்.

நரம்பு வழி ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்துகள் வரும் இடம் இது. நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு முதல் மருந்து இன்றும் ஸ்டீராய்டு. அது எல்லாத் தாக்குதலையும் மொத்தமாக அடக்கும். எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும், தொற்றுக்குக் கதவு திறந்துவிடும். எதிர்ப்பொருள் மருந்து ஒரே ஓர் இலக்கைப் பற்றும். ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975இல் கேம்பிரிட்ஜில் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து ஆக்கும் வழியைக் கண்டபோது, கிடைத்தது எலியின் எதிர்ப்பொருள். மனித உடல் அதை அந்நியமாகக் கண்டு அதற்கே எதிர்ப்பொருள் ஆக்கியது. பின்னர் எலிப் பகுதிகளைக் குறைத்து மனிதப் பகுதிகளை இணைத்தார்கள். பி அணுக்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு அணுக்களைக் குறிவைக்கும் ரிடக்ஸிமாப், எலிப் பகுதியும் மனிதப் பகுதியும் சேர்ந்த கலப்பு. நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கும் அதைப் பயன்படுத்துவதுண்டு. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் மனித வடிவம் பெற்றவை. மருந்தே, தன்னை ஏற்கும்படி உருமாற்றிக்கொண்ட அந்நியம்தான்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த ஆக்ஸாடிலிமாப் இந்த வரிசையில் புதியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் பலிக்காத, 40 கிலோவுக்குக் குறையாத நோயாளிகளுக்கானது. அது டி அணுக்களைக் குறிவைப்பதில்லை. தாக்குதலைத் தொடங்குபவை டி அணுக்களானாலும், திசுவைத் தழும்பாக்கும் வேலையில் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து வந்தவை என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அந்த அணுக்கள் பிழைத்திருக்கத் தேவையான சிஎஸ்எஃப்-1 ஏற்பியை ஆக்ஸாடிலிமாப் அடைக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் ஏற்றப்படும். வந்த மஜ்ஜை வெளியேற்றப்படுவதில்லை. அதன் சந்ததியில் ஒரு பிரிவின் ஒரு வேலை மட்டும் தணிக்கப்படுகிறது.

241 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் மூன்று அளவுகள் ஒப்பிடப்பட்டன. மிகக் குறைந்த அளவு பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்தது; கிலோவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 67, நான்கு வாரத்துக்கு ஒரு முறை 3 மில்லிகிராம் பெற்றவர்களில் 50. அளவு கூடியபோது பக்க விளைவுகளும் கூடின. எதிரியை எவ்வளவு ஒடுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற போர்க்கள மொழி இந்த எண்களுக்கு முன் பொருந்தாமல் போகிறது. விழுங்கணுக்கள் உடலுக்குத் தேவையான அணுக்களும்கூட. பழைய நொதிகளை ரத்தத்திலிருந்து அகற்றுபவை அவை. மருந்தால் அவை குறையும்போது கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் தேங்கி, கல்லீரல் கெட்டதுபோலச் சோதனைத் தாளில் தோன்றக்கூடும். தொற்று, இமையைச் சுற்றி வீக்கம் போன்றவையும் உண்டு. பலன் கண்டவர்களிலும் நோய் முழுதாக நீங்கியவர்கள் சிலரே. பெரும்பாலோருக்குக் கிடைத்தது பகுதி முன்னேற்றம். அதைச் சிறிதென்று எண்ணக் கூடாது. பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும் நாள் திரும்பி வருவது ஒருவருக்குப் பெரிய காரியம்.

பலனை அளக்கும் முறையிலேயே தத்துவக் கேள்விக்கான ஒரு குறிப்பு இருக்கிறது. மருத்துவரின் பரிசோதனையோடு, லீ அறிகுறி அளவுகோல் என்ற வினாத்தாளையும் நோயாளி நிரப்புகிறார்: கண் எவ்வளவு தொந்தரவு தருகிறது, தோல் எவ்வளவு, மூச்சு, களைப்பு எவ்வளவு. ரத்தத்தில் மரபணு யாருடையது, காவல் யாருடையது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. கேட்கப்படுவது ஒருவரை, பதில் சொல்வதும் ஒருவரே. மருத்துவம் யாருக்காகச் செயல்படுகிறதோ அந்த 'நான்', துன்பம் தெரியும் இடத்தில் இருப்பவர்.

பௌத்தர் இங்கே குறுக்கிடுவார்: துன்பம் இருக்கிறது, துன்பத்துக்கு உடைமையாளன் இல்லை. 8ஆம் நூற்றாண்டு நாளந்தாவின் சாந்திதேவர் போதிசர்யாவதாரத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதையே கருணைக்கான வாதமாக மாற்றுகிறார். ஒவ்வொருவரும் தம் துன்பத்தை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும் என்றால், காலின் வலி கையினுடையது அல்லவே, கை ஏன் காலைக் காக்கிறது என்று கேட்கிறார். துன்பம் யாருடையது என்பதால் விலக்கத்தக்கதாவதில்லை. துன்பமாக இருப்பதாலேயே விலக்கத்தக்கது. நாள்பட்ட ஜிவிஹெச்டி அவருடைய எடுத்துக்காட்டை உடைத்துப் பார்ப்பதுபோன்றது: இங்கே கை காலைக் காக்க மறந்து, காலையே வாட்டுகிறது. அப்போதும் வாதம் நிற்கிறது. கை யாருடையது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கால் வலிக்கு மருந்து என்று யாரும் காத்திருப்பதில்லை. சைவ சித்தாந்தி உயிரொன்று உண்டு என்பார், சாந்திதேவர் இல்லை என்பார். அந்த வழக்கு தீராமலே, ஏற்றும் அறையில் அரை மணி நேரம் அமர்ந்திருப்பவருக்குச் செய்ய வேண்டியது எது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இராது.

சிகிச்சையின் இலக்கும் ஒரு தரப்பை வெற்றிபெறச் செய்வதல்ல. நோயாளிகளில் கணிசமானோர் சில ஆண்டுகளில் நோயெதிர்ப்பை அடக்கும் எல்லா மருந்துகளையும் படிப்படியாக நிறுத்தும் நிலையை அடைகிறார்கள். அப்போது அவர்கள் ரத்தத்தைச் சோதித்தால் பழைய மஜ்ஜை திரும்பியிருக்காது. கொடையாளரின் அணுக்களே முழுதும் இருக்கும். அந்த அணுக்கள் இருக்கும் உடலைப் பழகிக்கொண்டிருக்கும். வேறு சிலருக்கு அந்தப் பழக்கம் முழுமையாக வருவதில்லை. தழும்பேறிய நுரையீரலும் இறுகிய தோலும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அவர்களுக்கு மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.